இருப்பில் உள்ள முகம்

மாரீஸ்வரியின் கடையில் குடம் காலியானதே கிடையாது. நிஜக் குடம் இல்லை, கணினித் திரையின் மூலையில் தெரியும் சின்னக் குடம். சிவகாசியில் நோட்டீஸ், பத்திரிகை, காலண்டர் என்று வடிவமைக்கிற எந்தக் கடைக்குப் போனாலும் அந்தக் குடத்தைப் பார்க்கலாம். புதுப் படம் ஒன்றைச் சேமித்தால் அதில் தண்ணீர் இறங்கும். ஏற்கெனவே படக்கிடங்கில் இருக்கிற படத்தை எடுத்துப் போட்டால் இறங்காது. மாதக் கடைசியில் மற்ற கடைக்காரர்கள் அடிக்குடத்தைச் சுரண்டிக்கொண்டு திண்டாடும்போது மாரீஸ்வரியின் குடம் கழுத்துவரை நிற்கும். அதற்காக அரசாங்கம் கொடுத்த பச்சைக் கேடயத்தை அவள் வாசலுக்கு நேரே மாட்டியிருந்தாள். வருகிறவர்கள் கண்ணில் படாமல் போய்விடக் கூடாதே!

படத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். ஊருக்குத் தெற்கே கரிசல் காட்டில் ஜன்னலே இல்லாத நீளநீளக் கட்டிடங்கள் எழும்பிய காலம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊர் உலகம் எடுத்த படமெல்லாம் அங்கேதான் வந்து குவிந்தது. குவியக் குவிய உள்ளே இயந்திரங்கள் சூடேறின. சூட்டைத் தணிக்கக் கண்மாயையே உறிஞ்சினார்கள். தெருக்குழாய் காற்றை ஊதியது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி குடத்தால் அடித்துக்கொண்டார்கள். மாரீஸ்வரியின் வலது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற தழும்பு அந்தக் குழாயடியில் வாங்கியதுதான். அதன் பிறகு சட்டம் வந்தது. ஒத்த படம் ஒன்று கிடங்கில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும், மீறி இன்னொன்றைச் சேர்த்தால் கடைக்கு மாதத்துக்கென்று அளந்துவிட்ட குடத்தில் அது கழியும். அடுத்த கோடையிலேயே குழாயில் தண்ணீர் வந்தது. அதனால் அந்தச் சட்டத்தை அவள் சாமி மாதிரி நம்பினாள்.

மற்ற பழக்கங்களும் அப்படித்தான். தாளின் அளவுக்குத்தான் வடிவம் போடுவாள். வெட்டிப் போட ஓரத்தில் ஒரு விரல் அகலம் மிஞ்சினால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பின்னணியில் மை நிரப்ப மாட்டாள். எழுத்தைக் கனமாகப் போட மாட்டாள். தாளில் அடித்துக் காட்டுங்கள், சரிபார்க்கிறேன் என்று யாராவது கேட்டுவிட்டால், "கண்ணு நல்லாத்தானே இருக்கு? திரையில பாருங்க" என்பாள்.

"இவளை விட்டா கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரை மட்டும் போடுவா. பொண்ணு பேருதான் எல்லாருக்கும் தெரியுமேன்னு மை மிச்சம் பிடிச்சிருவா" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான் காளிராஜ். அவள் கணவன். கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் ஓட்டுகிறவன்.

அவளுடைய மேசையில் அம்மாவின் படம் இருந்தது. உள்ளே விளக்கெரிகிற டிஜிட்டல் படச்சட்டம், மேலே சந்தன மாலை. அம்மா போனபோது கண்ணீர் அஞ்சலி நோட்டீஸை மாரீஸ்வரியேதான் வடிவமைத்தாள். படத்தைப் போட்டதுமே 'இருப்பில் உள்ளது' என்று பச்சை எழுத்தில் வந்தது. பெற்ற அம்மாவுக்குக்கூடக் குடத்திலிருந்து ஒரு சொட்டு இறக்கவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். காளிராஜுக்கு மட்டும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நெருடல்.

"மாரி, அத்தை இப்படிச் சிரிக்கவே மாட்டாங்களே."

"உயிரோட இருக்கையில நீங்க எங்க சிரிக்க விட்டீங்க? இப்பவாவது சிரிக்கட்டும், விடுங்க."

அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் மத்தியானம் ஒரு பெண் படியேறி வந்தாள். விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்தின் கறை. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பாதி வேலையில் எழுந்து ஓடி வந்திருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"யக்கா, ஆளைக் காணலைன்னு நோட்டீஸ் அடிக்கணும். இன்னைக்கே வேணும்."

"உக்காரும்மா. முதல்ல தண்ணி குடி. யாரைக் காணல?"

"என் தம்பி மாசானத்தை."

அவள் பெயர் சுடலைவடிவு, சுருக்கமாக வடிவு. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தாய் தகப்பன் கிடையாது. தம்பி வளர்ந்த பையன்தான். ஆனால் சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சல் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. பெயர் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

"நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல உக்கார வச்சுட்டு டீ வாங்கப் போனேன்க்கா. திரும்பி வந்து பாக்கேன், ஆளில்ல. போலீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டேன். நோட்டீஸுக்குக் காசு வேணுமேன்னுதான் காலையில வேலைக்குப் போனேன்."

"பதறாத. எங்க போயிருப்பான்? வந்துருவான்."

"அப்படிச் சொல்லாதீங்க யக்கா. அவனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை தப்பவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மாத்திரை எங்கிட்டல்ல கெடக்கு!" நம்ப மாட்டார்களோ என்பதுபோல் மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "எங்கயாவது ரோட்டுல, தண்ணிக் கரையில விழுந்துட்டான்னா..." என்றவள் அழ ஆரம்பித்தாள்.

மாரீஸ்வரி செய்துகொண்டிருந்த காலண்டர் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு இதை எடுத்தாள். வடிவின் போனிலிருந்த படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். கட்டம் போட்ட சட்டையில் ஒரு வாலிபன். படத்தின் கீழே பச்சை எழுத்து வந்தது. இருப்பில் உள்ளது. குடம் அசையவில்லை. அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போதும் மாரீஸ்வரியின் மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. என்ன செய்ய, பழக்கம் அப்படி. தீப்பெட்டி ஆபீஸில் நெருப்புக்குப் பயந்து போனை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் தொடர்புக்குக் கடை எண்ணையே போட்டாள்.

"பாரும்மா, சரியா இருக்கா?"

வடிவு திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்தாள்.

"அவன்தான் யக்கா. சட்டைகூட அவன் சட்டைதான். ஆனா கண்ணுதான் என்னமோ மாதிரி இருக்கு. அவனுக்கு ஒரு இமை கொஞ்சம் தொங்குனாப்ல இருக்கும். இதுல நல்லா முழிச்சுப் பாக்கான்."

"படம் எடுத்த நேரத்துல முழிச்சிருப்பான்."

வடிவு தன் போனை எடுத்துப் பார்த்தாள். "ஆமா, இதுலயும் இப்படித்தான் இருக்கு. நான் கவனிக்கலையா?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள்.

"ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணு உனக்கு. எல்லாம் அப்படித்தான் தெரியும். போட்டோ பொய் சொல்லுமா?"

இவ்வளவு விவரமான பெண்பிள்ளை சொல்லும்போது வடிவு என்ன செய்வாள், தலையாட்டினாள். சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, ரயிலடி, பக்கத்து ஊர்கள் என்று எங்கு பார்த்தாலும் மாசானம் நன்றாக முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் கடை போன் அடித்தது.

"கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல டீக்கடை வச்சிருக்கேன். உங்க ஆளு இங்கதான் இருக்காப்ல. ஓடப் பாத்தாரு, நாலு பேரா அமுக்கிப் பிடிச்சு உக்கார வச்சிருக்கோம். ஆனா ஒரு சந்தேகம். வாய் பேச வராதுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கீங்க, இவரு வண்டி வண்டியாத் திட்டுறாரே!"

"கோவத்துல பேச்சு வந்திருக்கும். விட்டுறாதீங்க, இந்தா வந்துட்டோம்" என்றாள் மாரீஸ்வரி. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு எதுவுமே விசித்திரமாகப் படவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் கேட்டைத் தட்டி வடிவை வெளியே கூப்பிட்டு, கையோடு பஸ் ஏறிவிட்டாள். வழி நெடுக வடிவு மாத்திரை அட்டையை உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டே வந்தாள்.

டீக்கடை பெஞ்சில், இரண்டு தடியர்களுக்கு நடுவே அவன் உட்கார்ந்திருந்தான். அதே நெற்றி, அதே மூக்கு. வடிவு, "ராசா!" என்று ஓடிப்போய் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். ஏந்திய கை அப்படியே நின்றது. போனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். திரும்பி மாரீஸ்வரியைப் பார்த்தாள்.

"யக்கா, படத்துல இருக்கது இவன்தான். ஆனா இவன் எந் தம்பி இல்ல."

"அதைத்தானே விடிஞ்சதுல இருந்து கத்திக்கிட்டு இருக்கேன்!" என்றான் அவன். "எம் பேரு ஞானதுரை. ஊருக்கு அந்தக் கோடியில ஒரு கடலமிட்டாய்க் கடையில வேலை பாக்கேன். எனக்கு அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது!"

மாரீஸ்வரி நோட்டீஸைப் பிரித்து அவன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இம்மி மாற்றமில்லை. வடிவுக்கோ தலை சுற்றியது. மாத்திரையை ஒன்று பிய்த்து, "எதுக்கும் இதைப் போட்டுக்கோய்யா" என்று அவனிடமே நீட்டினாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் அந்த மாத்திரையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். டீக்கடைக்காரரிடம் மூன்று டீ சொன்னான்.

"கோவிச்சுக்கிடாதீங்கக்கா. எனக்கு இது புதுசு இல்ல. ஒரு தடவை சீட்டுப் பணத்தைத் தூக்கிட்டு ஓடுனவன்னு பிடிச்சாங்க. இன்னொரு தடவை ஒரு அம்மா, செத்துப்போன மகன் திரும்பி வந்துட்டான்னு என் காலைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. வீட்டுல போய்ச் சொன்னா எம் பொண்டாட்டி நம்ப மாட்டேங்கா."

"எப்படித் தம்பி? உன் முகம் எப்படி இவளோட போன்ல வந்துச்சு?"

"முன்னால ஒரு பனியன் விளம்பரத்துக்குப் போயிருந்தேன். நிக்கச் சொல்லி, உக்காரச் சொல்லி, திரும்பச் சொல்லி எல்லாப் பக்கத்துலயும் எடுத்தாங்க. அத்தனையும் கிடங்குக்குப் போயிருச்சு. அதுல இருந்து என் சாயல்ல எவன் படம் எடுத்தாலும் அவன் மூஞ்சியைத் தூக்கிட்டு என் மூஞ்சியை வச்சிருது. சட்டையையும் செவுத்தையும்கூடத் தனித்தனியா இருப்புல இருந்து எடுத்து ஒட்டும்."

மாரீஸ்வரிக்குக் குழம்பியது. "இருப்பில் உள்ளதுன்னா அதே ஆளோட பழைய படம்னுல்ல நெனச்சேன்? பூவு, குத்துவிளக்கு, பிள்ளையாரு... அதெல்லாம் எதை எடுத்தாலும் ஒண்ணுதான். மனுச முகத்துலயுமா?"

"எல்லாரும் உங்களை மாதிரித்தான் நெனச்சிருக்காங்க. கிடங்குக்கு ஆளு என்னக்கா தெரியும்? கண்ணு, மூக்கு, தாடை எல்லாம் நூத்துக்குத் தொண்ணூறு ஒத்துப்போச்சுன்னா அதுக்குப் போதும். மிச்சம் பத்து வீண் செலவு."

"அந்தப் பத்துலதானய்யா எந் தம்பி இருக்கான்?" என்றாள் வடிவு.

டீக்கடைக்காரர் மூன்று டீயையும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

"சட்டம் கடைக்காரங்களுக்குத்தானே? போன்ல எடுத்தது எப்படி மாறும்?" என்றாள் மாரீஸ்வரி.

"இடத்தை மிச்சம் பண்ணித் தரவான்னு போன் ஒருநாள் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு."

"என்ன பண்ணுனீங்க?"

"சரின்னு அமுக்குனேன்" என்றாள் மாரீஸ்வரி. வடிவும், "நானும் அமுக்கிட்டேன்" என்றாள். பெஞ்சில் இருந்த தடியர்களில் ஒருவன் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு அவசரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எனக்கு மட்டும் ஒரு வசதி. என் போட்டோவுல எப்பவும் நானே இருப்பேன்" என்று ஞானதுரை சொன்னான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் வடிவு ரேஷன் அட்டையிலிருந்த தம்பியின் படத்தை எடுத்துப் பார்த்தாள். அதிலும் ஞானதுரைதான். தாளில் எடுத்த பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அவன் பொறந்ததே எல்லாரும் போன்ல படம் எடுக்க ஆரம்பிச்ச பிறகுதானே யக்கா" என்றாள். சாத்தூர் தாண்டியதும் மெல்லக் கேட்டாள்.

"யக்கா, ஒருவேளை எனக்குத்தான் புத்தி பேதலிச்சிட்டோ? இத்தனை படத்துலயும் நல்லா முழிச்சுத்தானே இருக்கான். இமை இறங்கவே இல்லையோ? நானாத்தான் நெனச்சுக்கிட்டேனோ?"

மாரீஸ்வரி தன்னுடைய போனைத் திறந்து, போன பொங்கலுக்குத் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். படத்திலிருந்தவளுக்குப் புருவம் முழுசாக, அழகாக வளைந்திருந்தது. மாரீஸ்வரி தன் வலது புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தழும்பு விரலில் தட்டியது. இத்தனை நாள் படத்தைப் பார்த்து, 'பரவாயில்ல, லட்சணமாத்தான் இருக்கோம்' என்று நினைத்திருந்தாளே!

"உனக்கு ஒண்ணும் பேதலிக்கல. இங்க பாரு" என்று போனையும் முகத்தையும் சேர்த்துக் காட்டினாள். வடிவு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

கடைக்கு வந்ததும் மாரீஸ்வரி பென்சிலைத் தேடினாள். கிடைக்கவில்லை. கீழே காளிராஜ் காதில் செருகியிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் அச்சான கழிவுத் தாளைத் திருப்பிப் போட்டாள்.

"சொல்லு. நான் வரையிறேன்."

"வரையத் தெரியுமா யக்கா?"

"அதைத்தானே படிச்சேன். கையாலதான் செஞ்சு நாளாச்சு."

முதலில் வந்தது ஏதோ பூசணிக்காய். அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். நெற்றி வந்தது, காது வந்தது, கண்ணுக்கு வந்தபோது வடிவு தடுமாறினாள்.

"எந்தப் பக்க இமைம்மா?"

"இடது... இல்ல, வலது. எனக்கு எதுத்தாப்ல உக்காருவான், அப்ப எனக்கு இடது, அவனுக்கு... ஐயோ, தெரியலையே யக்கா! தெனமும் பாத்த மூஞ்சி, தெரியலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிச்சுக்காத. அவன் உனக்கு முன்னால உக்காந்திருக்கான்னு வச்சுக்கோ. காலையில முதல்ல என்ன செய்வ?"

வடிவு கண்ணை மூடினாள். "மூஞ்சியைக் கழுவி விடுவேன். அந்தக் கண்ணுல எப்பவும் தண்ணி வடியும். முந்தானையால துடைச்சு விடுவேன்." சொல்லிக்கொண்டே முந்தானை நுனியைச் சுருட்டிக் காற்றில் துடைத்தாள். கை யோசிக்கவே இல்லை, நேராக ஓரிடத்துக்குப் போனது. மாரீஸ்வரி எழுந்து போய் அந்தக் கைக்கு எதிரே உட்கார்ந்தாள். முந்தானை அவளுடைய இடது கண்ணைத் தொட்டது.

இமை இறங்கியதும் தாளில் வேறொருவன் வந்துவிட்டான். வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். சரியா என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

படத்தைத் திரையில் ஏற்றியதும் கணினி வழக்கம்போலப் பச்சை எழுத்தைக் காட்டியது. இருப்பில் உள்ளது, மாற்றவா? கீழே ஓரமாக இன்னொரு பொத்தானும் இருந்தது. புதிது. இத்தனை வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. அவள் கை அந்தப் பக்கம் போனதே இல்லை. புது முகத்துக்குத்தான் எல்லாவற்றையும்விடச் செலவு அதிகம் என்பது அவளுக்குத் தெரியும். குழாயடியில் வரிசையாகக் கிடந்த காலிக் குடங்கள் கண்ணுக்குள் வந்தன. அதுவும் உண்மை, இவளும் உண்மை. எது சரி என்று அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பக்கத்தில் வடிவு மாத்திரை அட்டையை மடித்து விரித்து, மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

மாரீஸ்வரி பொத்தானை அமுக்கினாள். குடம் கடகடவென்று இறங்கி அடியில் போய் நின்று சிவந்தது. இந்த மாதம் இனி ஒரு வேலையும் எடுக்க முடியாது. கேடயத்தையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

"கறுப்பைக் கனமா விடுங்க. இமை நல்லாத் தெரியணும்" என்று மாடியிலிருந்து கத்தினாள்.

"யாரு, நீயா பேசுற?" என்றான் காளிராஜ் கீழேயிருந்து.

புது நோட்டீஸ் ஒட்டப்பட்ட அன்றைக்கே போன் வந்தது. சாத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ்.

"பேரு தெரியாத பையன் ஒருத்தன் இங்க கிடக்கான். படியில விழுந்து மண்டையில தையல். அடுத்தடுத்து வலிப்பு வேற. உங்க முதல் நோட்டீஸ் எங்க கேட்டுலயே ஒட்டியிருந்துச்சு. அதைக் கிழிச்சு எடுத்துட்டுப் போயி இவன் முகத்துக்கு நேரா பிடிச்சுப் பாத்தேன். இவன் இல்லைன்னு தூரப் போட்டுட்டேன். இப்ப ஒட்டியிருக்கீங்களே, இது இவன்தான்."

மாரீஸ்வரி ஒட்டிய நோட்டீஸ்தான் அவனைக் கண்டுபிடிக்க விடாமல் செய்திருக்கிறது. அன்றைக்கே மாத்திரை போயிருந்தால் இத்தனை வலிப்பு வந்திருக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் வடிவு தம்பியைக் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிவந்தாள். அவனுக்கு வலது கை இன்னும் சரியாக எழும்பவில்லை. நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்களாம். இடது இமை இறங்கி, கண்ணோரம் ஈரமாக இருந்தது. மாசானம் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாரீஸ்வரியைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னை மன்னிச்சிரும்மா. நீ அன்னைக்கே சொன்ன. நான்தான் கேக்கல."

"நீங்க இல்லைன்னா இவன் கெடைச்சிருக்க மாட்டான் யக்கா."

"நான் இல்லைன்னா மொதல்லயே கெடைச்சிருப்பான்" என்றாள் மாரீஸ்வரி. இரண்டில் எது சரி என்று இருவருக்குமே தெரியவில்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் பழக்கத்தில் போனைத் தூக்கினாள். வடிவு சட்டென்று கையை நீட்டி மறைத்தாள்.

"வேண்டாம்க்கா. மறுபடியும் மாத்திப்புடும். நீங்க வரைஞ்சதைக் குடுங்க, அது போதும்."

அந்தத் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வடிவு படியிறங்கினாள். தம்பியின் எழும்பாத கையை அவள்தான் பிடித்துக்கொண்டு போனாள்.

மாரீஸ்வரி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். வேலை எதுவும் இல்லை. திரையில் சிவப்புக் குடம். மேசையில் அம்மா சந்தன மாலைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு படச்சட்டத்தைக் கவிழ்த்து வைத்தாள். கழிவுத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை எடுத்தாள். வடிவுக்குச் சொன்ன உபாயத்தைத் தனக்கே சொல்லிப் பார்த்தாள். அம்மா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் முதலில் என்ன செய்வேன்? போன் போடுவேன். சாப்பிட்டியாம்மா என்று கேட்பேன். கடைசி வருஷங்களில் அம்மாவைப் பார்த்ததெல்லாம் போனில்தானே? துடைத்துவிட்ட கண் என்று ஒன்று இல்லை. வாரிவிட்ட தலை என்று ஒன்று இல்லை. கை காற்றில் நின்றது. எந்தப் பக்கமும் போகவில்லை.

ஆனாலும் வரைந்தாள். நெற்றியும் மூக்குத்தியும் வந்தன. வாய்க்கு வந்ததும் தாளில் அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அழித்தாள். மறுபடி வரைந்தாள். மறுபடியும் அதே சிரிப்பு. தாள் தேய்ந்து ஓட்டை விழுகிற மட்டும் அழித்துவிட்டு, கீழே போய்க் காளிராஜின் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, எங்கம்மா இப்படிச் சிரிக்க மாட்டாங்கன்னு சொல்லுவீங்கள்ல?"

"ஆமா."

"அப்ப எப்படி இருப்பாங்க? எனக்குச் சொல்லுங்க, நான் வரையிறேன்."

காளிராஜ் இயந்திரத்தை நிறுத்தினான். மையேறிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தான். சொல்ல வாயெடுத்தான். நிறுத்திவிட்டு மறுபடி யோசித்தான்.

"தெரியல மாரி" என்றான் கடைசியில். "அந்தப் படத்தைப் பாத்துப் பாத்து இப்ப எனக்கும் அப்படியேதான் வருது."